ஒரு கட்டை மட்டும் தெரிந்த பெட்டிக்காரன்

கோமதி, முருகேசா,

நீங்கள் இருவரும் பஜனைக் கோஷ்டியோடு செம்பூருக்குப் போய் வாசித்துவிட்டு வந்ததை உங்கள் அம்மா சொன்னாள். வீட்டுக்குள் வாசித்துக்கொண்டிருந்த வரைக்கும் நீங்கள் என் பிள்ளைகள் மட்டும்தான். இன்னொருவர் பாட்டுக்கு ஆர்மோனியப் பெட்டியைத் திறந்துவிட்டீர்கள் என்றால் தொழிலில் எனக்குப் பின்னால் வருகிறவர்களும் ஆகிவிட்டீர்கள். அதனால் இதை எழுதி வைக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள், என்னிடம் வந்து சிரிக்க வேண்டாம்.

ஆர்மோனியம் எப்படி வாசிப்பது என்று இதில் ஒன்றும் சொல்லப் போவதில்லை. துருத்தியை எப்படி அமுக்குவது, விரலை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு இப்போதே என்னைவிட நன்றாக வருகிறது. நாடகம், பஜனை, கதாகாலட்சேபம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டியை வைத்துச் சோறு சாப்பிட்டவனுக்கு, பாட்டு நடுவில் நின்றுபோனால் பக்கத்தில் இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதை நான் மேடையில் கற்றுக்கொள்ளவில்லை. மேடையைப் பார்ப்பதற்கு முன்பே, தொழிலாளிகளோடு நாங்கள் குடியிருந்த லேபர் கேம்பில், பக்கத்து வீட்டுப் பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். நான் ஒரு துணிக் கிடங்கில் பேல், அதாவது துணிப் பொதி, கட்டிக்கொண்டிருந்தேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறை. கோலி என்போம் அதை. எங்கள் கோலிக்கும் பக்கத்துக் கோலிக்கும் நடுவே பலகைதான் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்று சத்தம் வரும். கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியின் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு பழைய ஆர்மோனியம் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, அதைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"இது உள்ள வரணும்னா நான் வெளிய போகணும். ரெண்டு பேருக்கும் எடம் இல்ல."

"டிரங்குப் பெட்டி மேல வச்சுக்கிடலாம்."

"டிரங்குப் பெட்டிய தெறக்கணும்னா?"

"அப்ப எறக்கிக்கிடலாம்."

"தெனம் ஏத்தி எறக்குறதுக்குக் கூலி குடுப்பீகளா?" என்றாள். ஆனால் டிரங்கின் மேல் ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டதும் அவள்தான்.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கிங்ஸ் சர்க்கிளில் ரேடியோ வைத்திருந்த ஓட்டல் ஒன்று உண்டு. ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, முதலாளி முறைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். ஒரு பாட்டில் ஒரு அடி மனசில் நின்றால் போதும், அது சிந்துவதற்குள் வீட்டுக்கு வேகமாக நடப்பேன். எந்தக் கட்டையை அமுக்கினால் எந்தச் சுரம் என்பது மறந்து மறந்து போனதால் ஒரு வழி கண்டுபிடித்தேன். காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ச, ரி, க, ம என்று எழுதி, சோற்றுப் பருக்கையால் கட்டைகளின் மேல் ஒட்டினேன். முதல் வெள்ளைக் கட்டையில் ச. அங்கிருந்து வரிசையாக மற்றவை. வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று உங்களுக்குத் தெரியாது. கண் இருந்தால் போதும், காது வேண்டாம் என்று ஆகிவிட்டது. பருக்கை வாசத்துக்கு வந்த கரப்பான் ஒரு நாள் 'க'வைத் தின்றுவிட்டது. அன்றைக்கு முழுக்க எனக்கு எந்தப் பாட்டும் வரவில்லை. புதிதாக ஒரு 'க' எழுதி ஒட்டிய பிறகுதான் கை ஓடியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்தில் ஏழெட்டுப் பாட்டு வாசிப்பேன். எல்லாம் ஒரு கட்டைச் சுருதியில்தான், அதாவது அந்த முதல் வெள்ளைக் கட்டையையே ச-வாக வைத்து. சுருதிக்கு வேறு இடங்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். காசி என்று ஒரு ஊர் இருக்கிறது என்று கேள்விப்படுவது போலத்தான் அதுவும்.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சண்முகம் அண்ணாச்சி. ரயில்வே பட்டறையில் பிட்டர். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். அவருடைய மகள் சொர்ணம். அவளைப் பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு பதிலே சொல்லி அனுப்பவில்லை. கேம்பில் தண்ணீர்க் குழாயடியில் அதுதான் பேச்சு. மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. பையன் கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசில் கிளார்க். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வீடு. அண்ணாச்சி சனிக்கிழமை சாயங்காலம் என் கோலிக்கு வந்தார், வழக்கமில்லாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு.

"என்னவே, வேலையா இருக்கீரா?"

"இல்ல அண்ணாச்சி, வாங்க."

"நாளைக்குக் காலைல மாப்பிள்ள வீட்டுல இருந்து வாராவ. அந்தம்மாவுக்குப் பாட்டுன்னா உசிரு. பொண்ணு பாடுமான்னு ஆள் விட்டுக் கேட்டாவ. பாடும்னு சொல்லிட்டேன்."

"சொர்ணம் பாடுமா?"

"நீரு இந்தப் பக்கம் வாசிக்கீரு. அவ அந்தப் பக்கம் மாவு பிசைஞ்சுக்கிட்டு கேக்கா. நீரு வேலைக்குப் போன பொறவு அம்புட்டையும் பாடுதா. பாயாசம் மாதிரி இருக்கும் வே. நீரு பெட்டிய எடுத்துட்டு வந்து கூட வாசிச்சாப் போதும்."

"ஒரு தடவ சேந்து பாத்துக்கிடுவமே அண்ணாச்சி."

"கல்யாணம் ஆவாத பொண்ணு, பக்கத்து வீட்டு ஆம்பளைகூட உக்காந்து பாடிக்கிட்டு இருந்தான்னு நாளைக்குக் குழாயடில பேசுவாளுக. அதே பாட்டு, அதே பெட்டி, இதுல என்ன பாக்க இருக்கு?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அதே பாட்டு, அதே பெட்டி. போகும்போது அவர் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உம்மள அவளுக்குப் பாட்டு வாத்தியார்னு சொல்லி வச்சிருக்கேன். சும்மா ஒரு பேச்சுக்கு. நீரு வாயத் தெறக்காண்டாம்."

அவர் போன பிறகு உங்கள் அம்மா சொன்னாள்: "சொர்ணத்துக்கு இந்த எடத்துல ஆசை இருக்கு. எங்கிட்ட சொல்லிச்சு. இதுவும் தட்டிப்போனா ஊருக்கு அனுப்பி, மாமன் மகனுக்குக் கட்டி வச்சிருவாகளாம். அந்த மாமன் மகன் குடிப்பானாம். பாத்து வாசிங்க."

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எழுந்து காகிதத் துண்டுகள் எல்லாம் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்தேன். என் பயமெல்லாம் கரப்பானைப் பற்றித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தச் சின்ன அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரோரமாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா, வெற்றிலை போட்ட வாய், எதற்கும் சிரிக்கிறவர். மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணம் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். ஒரு கை தூரத்தில் நான், பெட்டியோடு.

"இவருதான் வாத்தியாரா?" என்று அந்தம்மா கேட்டார்.

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ஆமா, ரெண்டு வருசமா சொல்லிக் குடுக்காரு."

தாய்மாமா என் கையைப் பார்த்தார். பேல் கயிறு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருக்கும். "வாத்தியார் கை ரொம்ப அடிச்சிருக்கும் போலிருக்கே, பாவம் பிள்ளைங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முருகன் பாட்டு ஒன்று. நான் வழக்கம்போல முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து ஆரம்பித்தேன். சொர்ணம் அதைக் கேட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தாள். முதல் அடியில் அவள் குரல் இருக்கிற இடமே தெரியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. வெட்கம், போகப்போகச் சரியாகும் என்று நினைத்துத் துருத்தியை இன்னும் பலமாக அமுக்கினேன். இதை நன்றாகக் கேளுங்கள் பிள்ளைகளே. பாடுகிறவர் தடுமாறும்போது புதிதாகப் பெட்டி வாசிக்கிறவன் செய்கிற முதல் காரியம் சத்தத்தைக் கூட்டுவது. முங்குகிறவன் தலையில் தண்ணீரை ஊற்றுகிற காரியம் அது.

இரண்டாவது அடி இன்னும் கீழே இறங்கும். அவளுக்கு அங்கே குரலே இல்லை. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. தப்பிக்கப் பார்த்து அப்படியே மேலே தாவினாள். அங்கே குரல் கீறிக்கொண்டு உடைந்தது. நிறுத்திவிட்டாள்.

நானும் நிறுத்தினேன். துருத்தியில் மிச்சம் இருந்த காற்று மட்டும் ஒரு முனகலோடு அடங்கியது.

அந்தம்மாதான் பேசினார், கோபமாக இல்லை, நிதானமாகத்தான். "பொண்ணுக்குச் சுருதி சேரலையே. ரெண்டு வருஷமா படிக்கிறதா சொன்னீங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. "இன்னைக்குத் தொண்டை சரியில்லை" என்று வாத்தியார் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது சுலபம், வாத்தியார் மரியாதை போகாது, அண்ணாச்சி வார்த்தையும் நிற்கும். ஆனால் சுருதி சேராத பெண் என்ற பேச்சு சொர்ணத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதாக வந்தவர்களும் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் அழவில்லை. பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எதிரே இருந்த கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத் துண்டுகளை அவள் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள்.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. எல்லாம் தெரிந்து விளங்கவில்லை, பாதிதான். அவள் குரலுக்கு வேறு ஒரு இடம் இருக்கிறது. நான் அவளை என் இடத்துக்கு இழுத்துவிட்டேன். தடுமாறியது பாட்டுக்காரி இல்லை, பெட்டிக்காரன்.

"அம்மா, தப்பு என்னுது," என்றேன்.

"என்னது?"

"பொண்ணு சரியாத்தான் பாடுச்சு. நான் தப்பான எடத்துல ஆரம்பிச்சிட்டேன். எனக்கு ஒரு கட்டைதான் தெரியும். பொம்பளப் பிள்ளைக்கு அது ஆவாது."

"வாத்தியாருக்கு ஒரு கட்டைதான் தெரியுமா?" என்று தாய்மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"நான் வாத்தியார் இல்லைங்க. பேல் கட்டுறவன். பக்கத்து வீடு. இது எங்கிட்ட படிக்கல, பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து தானாக் கேட்டுப் பாடுது."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே நின்ற அவர் மனைவி பேச்சி மயினி "அய்யோ" என்றது எல்லோருக்கும் கேட்டது. பொய்யைப் போட்டு உடைத்துவிட்டேன். ஆனால் பெண்ணை உடையவிட்டு அந்தப் பொய்யைக் காப்பாற்ற எனக்கு வாய் வரவில்லை.

அந்தம்மா என்னை ஒரு முறையும் அண்ணாச்சியை ஒரு முறையும் பார்த்தார். பிறகு சொர்ணத்திடம், "அப்ப பெட்டி வேண்டாம், சும்மா பாடு," என்றார்.

சொர்ணம் தலையை நிமிர்த்தினாள். சின்னக் குரலில்தான் சொன்னாள். "பெட்டியும் இருக்கட்டும். அண்ணே, நான் மொதல்ல ஆரம்பிக்கேன். நீங்க பொறவு வாங்க."

அவள் ஆரம்பித்தாள். அப்பா, அந்தக் குரல்! என் சுரங்களுக்கு எங்கேயோ மேலே, வெயிலில் நிற்கிற மாதிரி தெளிவாக நின்றது. நான் காகிதத்தைப் பார்த்தால் கை பழைய இடத்துக்கே ஓடுகிறது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு, துருத்தியை மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் அமுக்கி, மெதுவாக ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தேடினேன். ஒன்று பொருந்தவில்லை, இன்னொன்றும் பொருந்தவில்லை. மூன்றாவது அவள் ச-வோடு போய் ஒட்டிக்கொண்டது. விரலை அங்கேயே வைத்துவிட்டேன். அதற்குச் சேர்ந்தாற்போல் ஒலிக்கிற இன்னொரு கட்டையையும் கண்டுபிடித்தேன். அவ்வளவுதான். பாட்டு முழுக்க அந்த இரண்டு கட்டைகளை விட்டு நகரவில்லை. பின்னாலேயே ஓடி வாசித்துக் காட்டலாமே என்று நடுவில் ஒரு ஆசை வந்தது. இந்த உலகத்திலேயே கஷ்டமானது, தெரிந்த பாட்டை வாசிக்காமல் இருப்பது. வாசிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. தாய்மாமா தலையை ஆட்டி, "இந்த வாத்தியார் ரெண்டு கட்டைக்கு முன்னேறிட்டாரு," என்றார்.

மாப்பிள்ளை முதல் முறையாகத் தலையைத் தூக்கிச் சிரித்தார். அதை சொர்ணம் பார்த்துவிட்டாள்.

ஆனால் அந்தம்மா எழுந்துகொண்டார். "சொல்லி அனுப்புறோம்," என்றார். அதே வார்த்தையைத்தான் முன்னால் வந்த இரண்டு இடத்துக்காரர்களும் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் போனதும் அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்றார்.

"உம்ம வாயத் தெறக்காண்டாம்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீக அண்ணாச்சி."

"இனிமே எம் பொண்ணப் பத்தி வேற பொய் எதெல்லாம் சொல்லிருக்கமோன்னு அந்தம்மா தேடும். என் மானத்தக் கப்பலேத்திட்டீரு. தூக்கிட்டுப் போம் உம்ம சவத்துப் பெட்டிய."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கடுத்த நாட்களில் பலகைக்கு அந்தப் பக்கம் மாவு பிசைகிற சத்தம் கேட்டது, பாட்டு கேட்கவில்லை. நானும் பெட்டியைத் திறக்கவில்லை. உங்கள் அம்மா காகிதத் துண்டுகளை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டாள். "கரப்பானுக்குச் சோறு போட்டது போதும்," என்றாள்.

நல்லது செய்தோம் என்ற திருப்தி எனக்கு அப்போது இல்லை. உண்மையைச் சொன்னதற்கு உடனே பலன் கிடைக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நாட்களில் என் மனசில் இருந்ததெல்லாம் அந்தக் குடிகார மாமன் மகன்தான்.

பதிலைக் கொண்டுவந்தவர் தாய்மாமா. நேராக அண்ணாச்சி கோலிக்குப் போனார். பலகைதானே, அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"அக்கா சொல்லச் சொன்னா. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அது இல்ல விஷயம். பாதியில நின்னப்ப பொண்ணு எந்திரிச்சு உள்ள ஓடல. பத்துப் பேரு முன்னால உக்காந்து, 'நான் ஆரம்பிக்கேன், நீங்க வாங்க'ன்னு சொல்லிச்சு பாருங்க, எங்க வீட்டுக்கு அப்படி ஒருத்திதான் சரிப்படும்னா. பையன் அன்னைக்கே சரின்னுட்டான். ஆனா ஒண்ணு. இனிமே வாத்தியார், கீத்தியார்னு எதுவும் வேண்டாம். உள்ளத சொல்லுங்க. அவ்வளவுதான்."

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்றார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"முகூர்த்தம் வச்சாச்சு."

"சந்தோசம் அண்ணாச்சி."

"நாயனத்துக்கு ஆள் சொல்லியாச்சு." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "நீரு சாப்பிட வந்தாப் போதும். பெட்டிய எடுத்துட்டு வராண்டாம்."

உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சியின் மீசைக்குக் கீழேயும் சிரிப்பு இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வெளிச்சம் போதவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வாசித்துவிட்டேன். பெரிய பாடகர்கள் மேடையில் அடியை மறந்திருக்கிறார்கள், நாடகத்தில் ராஜா வேஷக்காரருக்குக் குரல் கட்டிப்போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வரும். சத்தத்தைக் குறைப்பேன். அவர் ச எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அவர் திரும்பி வருகிற வரை அங்கேயே நிற்பேன். யாராவது கேட்டால் தப்பு பெட்டியுடையது என்பேன். இதனால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை. நீங்களும் எங்கே போனாலும், பெட்டியைத் திறக்கும் முன் பாடுகிறவரிடம் "உங்களுக்கு எந்தக் கட்டை?" என்று கேளுங்கள். தெரியாத கட்டையாக இருந்தால், தெரியாது என்று அப்போதே சொல்லுங்கள். செம்பூரில் நீ கேட்கவில்லையாம் முருகேசா. கோமதிதான் கேட்டாளாம்.

சொர்ணத்தின் கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்ததும், உங்கள் அம்மா கல்யாணப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைக்க அங்கேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் திரும்பி வந்தேன். எங்கள் வரிசையில் எல்லாக் கோலியும் பூட்டிக் கிடந்தது. கேம்பில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதவைச் சாத்தினேன். அதுவரைக்கும் நான் ஒரு நாளும் வாய் திறந்து பாடியதில்லை. பெட்டி வாசிக்கிறவனுக்கு வாய் எதற்கு என்று இருந்துவிட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ச என்று இழுத்தேன். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரிதான் இருந்தது. இன்னொரு முறை இழுத்தேன். அது போய் ஒரு இடத்தில் நின்ற பிறகு, அந்தக் குரலை விடாமல், கையை மட்டும் பின்னால் நீட்டிப் பெட்டியைத் திறந்தேன்.